ஒரே முகாம், ஒரே தாய்... அண்ணன் இந்தியர், தம்பி வெளிநாட்டவர்: எப்படி?

1987 ஜூன் 30, இரவு 11.50. மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கழித்து, பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு குழந்தை. இரண்டு குழந்தைகளின் பெற்றோரும் ஒரே படகில் தலைமன்னாரிலிருந்து வந்தவர்கள். ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்து பெயர் எழுதப்பட்டவர்கள்.

இந்தியச் சட்டப்படி முதல் குழந்தை இந்தியக் குடிமகன். இரண்டாவது குழந்தை வெளிநாட்டவர். இன்று நாற்பதை நெருங்கி, தன் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலும் வெளிநாட்டவர்தான்.

இது கற்பனைக் கதை. ஆனால், இதை உண்மையாக்கும் சட்டப்பிரிவு கற்பனை இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் ஒரே வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடு ஓடுகிறது. 1986-ல் பிறந்த அண்ணனுக்கு ஒரு சட்டம், 1988-ல் பிறந்த தம்பிக்கு வேறு சட்டம்.

தேதிக்கு என்ன அவ்வளவு மவுசு?

குடியுரிமைச் சட்டம் 1955-ல் இயற்றப்பட்டபோது கணக்கு ரொம்ப எளிமை. இந்திய மண்ணில் பிறந்தால் இந்தியர். அப்பா யார், அம்மா எந்த நாடு என்ற கேள்வியே கிடையாது. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் இருந்தன.

பிறகு அசாம் போராட்டம் வந்தது. 1971 வங்கதேசப் போருக்கு முன்னும் பின்னும் எல்லை தாண்டி வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வியில் அந்த மாநிலம் ஆறு ஆண்டுகள் கொதித்தது. 1985-ல் அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. அந்தத் திருத்தத்துக்குக் காரணம் சொன்னபோது, வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரையும் அரசு சேர்த்தே சொன்னது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில் படகுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

2003-ல் இன்னொரு திருத்தம். 2004 டிசம்பர் 3-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர்தான் இந்தியர் என்றால், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

கடைசி வரியை மறுபடி படியுங்கள். முகாமில் வளர்ந்த ஒரு பெண், பக்கத்து ஊர்த் தமிழரைக் கல்யாணம் செய்துகொள்கிறார். கணவர் பிறவி இந்தியர். ஓட்டுப் போடுகிறார், ரேஷன் கார்டு வைத்திருக்கிறார். மனைவி குழந்தையாக இருந்தபோது பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். இவர்களுக்கு இப்போது ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பிறப்பால் இந்தியக் குடியுரிமை கிடையாது. அப்பா இந்தியராக இருந்தும் கிடையாது!

‘சட்டவிரோதக் குடியேறி’ என்பவர் யார்?

செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தவர், அல்லது விசா முடிந்த பிறகும் தங்கியிருப்பவர். இதுதான் சட்டத்தின் விளக்கம். குண்டு விழும் ஊரிலிருந்து இரவோடு இரவாகப் படகேறியவர் விசா வாங்கிக்கொண்டா வருவார்? இந்த விளக்கம் அதைப் பார்ப்பதில்லை.

இந்த முத்திரை விழுந்தால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்படும். இந்தியாவில் குடியுரிமை பெற, பிறப்பைத் தவிர, பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. இந்திய வம்சாவளியினரும் இந்தியரைத் திருமணம் செய்தவர்களும் 7 ஆண்டுகள் வசித்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம். மற்ற வெளிநாட்டவர் மொத்தம் 12 ஆண்டுகள் வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம். முகாமில் இருப்பவர்கள் 12 இல்லை, 35 ஆண்டுகள்கூட வசித்தவர்கள். ஆனால், ‘சட்டவிரோதக் குடியேறி’ இரண்டு வழியிலும் விண்ணப்பிக்க முடியாது என்பது 2003 திருத்தம் போட்ட பூட்டு.

இன்னொரு விநோதமும் உண்டு. முகாமிலேயே பிறந்தவர் எந்த எல்லையைத் தாண்டி ‘உள்ளே வந்தார்’? பிரசவ வார்டின் வாசலையா? சட்டத்தின் வாசகம் ‘நுழைந்தவர்’ என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் பெற்றோரின் முத்திரையே பிள்ளைக்கும் வந்துவிடுகிறது.

இந்தியா 1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. ஆகவே ‘அகதி’ என்ற சொல்லுக்கு முகாம் பதிவேட்டில் இடம் உண்டு, நிவாரணப் பட்டியலில் இடம் உண்டு, குடியுரிமைச் சட்டத்தில் இல்லை.

எத்தனை பேர்?

1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை சுமார் 3.04 லட்சம் பேர் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்ததாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. 1983-க்கும் 1987-க்கும் இடையிலான முதல் அலையில் மட்டும் சுமார் 1.34 லட்சம் பேர். இவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். 1995 மார்ச் வரை ஏறத்தாழ 1 லட்சம் பேர் அனுப்பிவைக்கப்பட்டார்கள். மீதமிருந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளுமாக 100-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேரும் வாழ்கிறார்கள் என்பது 2020-21 வாக்கிலான அரசுக் கணக்கு.

முதல் அலையின் காலத்தைக் கவனியுங்கள். 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் 30-க்கும் நடுவே இங்கே பிறந்தவர்கள் அனைவரும் பிறப்பாலேயே இந்தியர்கள். யாரும் ‘கொடுக்க’ வேண்டியதில்லை. ஆனால், பதிவேட்டில் ‘இலங்கை அகதி’ என்று எழுதப்பட்டுவிட்டதால், நடைமுறையில் அவர்களும் வெளிநாட்டவராகவே நடத்தப்பட்டார்கள். தங்களுக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது.

2022-ல் இதற்கு ஒரு விடிவு வந்தது. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண் ஒருவர் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். பிறந்த தேதி 1987 ஜூலைக்கு முன்பு என்பதால் அவர் இந்தியக் குடிமகள்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது செய்தியானது. 38 வயதில் முதல் ஓட்டு. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு சல்லிக்காசுக்கும் உதவாது.

முகாமுக்குள்ளேயே இன்னொரு கதை: மலையகத் தமிழர்கள்

‘இலங்கை அகதிகள்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார், திரிகோணமலையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இல்லை. கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். பிரிட்டிஷ் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று இங்கிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு அழைத்துப் போகப்பட்டவர்களின் வாரிசுகள்.

இலங்கை சுதந்திரம் பெற்றதும் கொண்டுவந்த 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் வாக்குரிமையும் போனது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களை ‘நீ இந்தியன்’ என்றது இலங்கை. ‘இல்லை, நீ இலங்கையன்’ என்றது இந்தியா.

1964 அக்டோபர் 30-ம் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9.75 லட்சம் பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் 1.5 லட்சம் பேரைப் பத்தாண்டு கழித்து, 1974-ல், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை.

அந்த ஒப்பந்தப்படி இந்தியா வந்தவர்கள் அகதிகள் அல்ல, தாயகம் திரும்பியோர். கையில் இந்திய பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை கிடைத்தது பலருக்கு. 1964 முதல் 2008 வரை சுமார் 4.6 லட்சம் பேருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது என்று மத்திய அரசு கணக்குச் சொல்கிறது. ‘இலங்கைத் தமிழர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சே’ என்று அரசியல் விவாதங்களில் வரும் பதிலின் மூலம் இந்த எண்தான். ஆனால், அது ஒப்பந்தப்படி வந்தவர்களின் கணக்கு. முகாமில் இருப்பவர்களின் கணக்கு இல்லை.

சரி, முகாமில் இருக்கும் மலையகத் தமிழர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வரக் காத்திருந்தவர்களும், வவுனியா, கிளிநொச்சி பக்கம் இடம்பெயர்ந்திருந்தவர்களும் 1983 கலவரத்திலும் அதன் பின் வந்த போரிலும் சிக்கினார்கள். 1984-ல் தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பல் போக்குவரத்து நின்றது. முறையாகக் கப்பலில் வந்திருக்க வேண்டியவர்கள் படகில் வந்தார்கள். கப்பலில் வந்தவர் குடிமகன். படகில் வந்த அவருடைய தம்பி சட்டவிரோதக் குடியேறி. இத்தனைக்கும் இருவரின் தாத்தாவும் ஒரே ஊரிலிருந்துதான் போனார்!

இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு முக்கியமானது. இவர்களை இத்தனை ஆண்டுகள் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் வைத்திருப்பது, அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்றார். அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரங்களில் பரிசீலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். கவனிக்க: பரிசீலிக்க வேண்டும் என்று மட்டும்தான். குடியுரிமை கொடுப்பது மத்திய அரசின் அதிகாரம். நீதிமன்றம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

சிஏஏ ஏன் இவர்களைத் தொடவில்லை?

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமை திருத்தச் சட்டம், ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பூட்டைத் திறக்க ஒரு சாவி செய்தது. ஆனால், அந்தச் சாவி மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இந்து, சீக்கியர், பவுத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர். 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருக்க வேண்டும். இவர்கள் 5 ஆண்டுகள் வசித்தாலே விண்ணப்பிக்கலாம். விதிகள் 2024 மார்ச் 11-ம் தேதி வெளியாயின.

மதத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்களுக்கான சட்டம் இது, இலங்கையில் நடந்தது இனப் பிரச்சினை என்பது அரசுத் தரப்பு வாதம். முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள். மதம் பொருந்துகிறது, நாடு பொருந்தவில்லை. அதே சட்டத்தில் முஸ்லிம்களுக்கு நாடு பொருந்துகிறது, மதம் பொருந்தவில்லை. மாநிலங்களவையில் அந்த மசோதாவுக்கு ஆதரவாக விழுந்த 125 வாக்குகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த அ.தி.மு.க. உறுப்பினர்களின் வாக்குகளும் உண்டு. ஆட்சி மாறிய பின், 2021 செப்டம்பர் 8-ம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் சிஏஏவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. குடியுரிமை மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால், தீர்மானத்தால் சட்டம் மாறாது.

2025-ல் என்ன மாறியது?

1920, 1939, 1946-ம் ஆண்டுகளின் பழைய சட்டங்களையும் 2000-ம் ஆண்டின் ஒரு சட்டத்தையும் சேர்த்து எடுத்துவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 வந்தது. செப்டம்பர் 1 முதல் அமல். அதோடு ஒரு விலக்கு ஆணையும் வெளியானது. 2015 ஜனவரி 9-ம் தேதி வரை இந்தியாவில் தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத காரணத்துக்காகத் தண்டனை இல்லை என்றது அது. இன்னொரு தேதி! கொழும்பில் மைத்ரிபால சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாள் அது.

செய்தி வந்த அன்று ‘குடியுரிமை கிடைச்சிடுச்சு’ என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இல்லை. பிடித்து ஜெயிலில் போட மாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் குடிமகன் என்பது வேறு. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள ‘சட்டவிரோதக் குடியேறி’ விளக்கத்தில் இலங்கைத் தமிழருக்கென்று விலக்கு எதுவும் அந்த ஆணையால் சேரவில்லை. என்றாலும் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. தலைக்கு மேல் தொங்கிய கத்தியில் ஒன்றாவது கீழே இறங்கியிருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடியின்போது பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் வழியில்லாமல் அரிச்சல்முனை மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்கள் இந்தத் தேதிக்கு அப்பால் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்தக் கூரையும் இல்லை.

ஒரு தேதி அன்றாட வாழ்க்கையில் என்ன செய்யும்?

முகாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கல்லூரி முடிக்கிறார்கள். இன்ஜினீயரிங் பட்டதாரிகள் நிறைய. படிப்பு வரை தமிழ்நாடு கூட வருகிறது. அதன் பிறகு பாதை முட்டுச்சந்து. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். ஆன்சைட் போக பாஸ்போர்ட் வேண்டும். முகாமை விட்டு வெளியூரில் தங்குவதற்கே அதிகாரிகளின் அனுமதி வேண்டும். குறித்த நாளில் தணிக்கைக்கு ஆள் இருக்க வேண்டும் என்றால் சென்னையிலோ பெங்களூருவிலோ எந்த கம்பெனியில் நிலையாக வேலை பார்ப்பது? அதனால்தான் பட்டம் வாங்கியவரும் கடைசியில் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். முகாம் ஆண்களின் தொழில் என்றாலே பெயிண்டிங் என்று ஆகிப்போனது தற்செயல் இல்லை. தினக்கூலி, ஆவணம் கேட்காத வேலை, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

சொத்து? அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. நாற்பது ஆண்டுகள் உழைத்தும் ஒரு சென்ட் நிலம் சொந்தப் பெயரில் இல்லை.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு மிச்சமிருந்த வெளிநாட்டு வழி, மறுபடியும் படகு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 இலங்கைத் தமிழர்களோடு கிளம்பிய படகு ஒன்றை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்தது. வாரக்கணக்கில் கடலிலேயே வைத்திருந்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது.

மாநில அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்கிறது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பாழடைந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவது, மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவது அதில் அடக்கம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு பெரிய விஷயம்தான். ஆனால், அந்த வீடு நிற்கும் மண்ணில் அவர்களுக்குப் பட்டா கிடையாது.

எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடுத்துவிடலாமே?

முகாமுக்கு வெளியே இருந்து பார்க்கும்போது பதில் எளிதாகத் தெரிகிறது. உள்ளே அப்படி இல்லை. போர் 2009-ல் முடிந்துவிட்டது, ஊரில் நிலம் இருக்கிறது, திரும்பிப் போகலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இங்கே குடிமகன் ஆனால் அங்கே உள்ள உரிமையை விட வேண்டியிருக்கும்.

ஈழத்துத் தமிழ் அரசியலிலும் இதற்கு ஒரு கோணம் இருக்கிறது. வடக்கில் ஆள் எண்ணிக்கை குறையக் குறைய, நாடாளுமன்ற இடங்களும் குறையும். யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-ல் 9 இடங்கள். 2024-ல் 6 இடங்கள். தமிழ்நாட்டிலும் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அங்கே வாக்காளர் பட்டியலில் இல்லை. ‘எங்கள் சனம் திரும்பி வரவேண்டும்’ என்று அங்கிருந்து வரும் குரலில் இந்தக் கணக்கும் அடக்கம்.

ஆனால் முகாமில் பிறந்து, யாழ்ப்பாணத்தை யூடியூபில் மட்டுமே பார்த்த 25 வயதுப் பெண்ணுக்கு ‘திரும்பிப் போ’ என்றால் எங்கே திரும்புவது? மலையகத் தமிழருக்கோ அங்கே நிலமே கிடையாது. லயன் வீடும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. போக விரும்புகிறவருக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு, பயணச் செலவு, நிலம். இருக்க விரும்புகிறவருக்கு விண்ணப்பிக்கும் உரிமை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதற்கு வழி வேண்டும். இப்போதைய சட்டத்தில் இரண்டாவது வழியே இல்லை.

2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்கும் இருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று வாய்மொழியாகச் சொன்னது. அது ஒரு குற்ற வழக்கில் தண்டனை முடித்தவரின் மனு. எல்லோருக்குமான தீர்ப்பு இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் அன்று மாலைக்குள் எல்லா முகாம்களின் வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றி வந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

சட்டத்தில் எங்கே கை வைத்தால் போதும்?

பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற விளக்கத்தில், 2019-ல் மூன்று நாடுகளுக்குச் சேர்த்ததுபோல் ஒரு விலக்கு வரி சேர்த்தால், 12 ஆண்டு விதியும் 7 ஆண்டு விதியும் தானாகவே இவர்களுக்குத் திறந்துகொள்ளும். புதிதாகச் சலுகைகூட வேண்டாம். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தத் திருத்தமும் தேவையில்லை. முகாம் பதிவேடுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டு, யார் யார் ஏற்கெனவே இந்தியர்கள் என்று பட்டியல் எடுத்தால் போதும். ஒவ்வொருவரும் மதுரைக்கு வழக்குப் போடப் போக வேண்டியிருக்காது. அந்தப் பட்டியலில் வரக்கூடியவர்களில் கடைசியாகப் பிறந்தவருக்கு 2027 ஜூன் 30-ம் தேதி 40 வயது நிறையும்.